மந்திர ஆயுத விதிகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதாபாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 3.5 பதிப்பிலும் (2003), அதன் விதிகளைப் பெரும்பாலும் தழுவி 2009இல் வெளிவந்த பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் முதல் பதிப்பிலும், ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாதிட வைக்கும் பகுதிகளில் மந்திர ஆயுதங்களுக்கு முக்கிய இடம் உண்டு. அந்த வாதங்களில் பல ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: ஆயுதத்தின் என்ஹான்ஸ்மென்ட் போனஸும், அதோடு சிறப்புத் திறன்களின் மதிப்பையும் சேர்த்த மொத்த மதிப்பும் தனித்தனி எண்கள் என்பது மறந்துபோகிறது.

என்ஹான்ஸ்மென்ட் போனஸ் +1 முதல் +5 வரை இருக்கலாம். தாக்குதலுக்கான பகடை வீச்சிலும் சேதத்திலும் கூட்டப்படுவது அது மட்டுமே. ஃபிளேமிங் (நெருப்புச் சேதம் தருவது), கீன் (சேதத்தைப் பெருக்கும் கிரிட்டிகல் அடிக்கான வாய்ப்பைக் கூட்டுவது), ஹோலி (ஆயுதத்தை நன்மைச் சார்புடையதாக்குவது) போன்ற சிறப்புத் திறன்களுக்கு நேராகப் புத்தகத்தில் காணப்படும் +1, +2 ஆகியவை, விலையைக் கணக்கிடுவதற்கும், ஓர் ஆயுதத்தின் மொத்த மதிப்பு +10ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பைக் காப்பதற்கும் உரியவை. ஆகவே +1 ஃபிளேமிங் கீன் லாங்ஸ்வோர்டின் மொத்த மதிப்பு +3 என்றாலும், அதை ஏந்துபவர் தாக்கும்போது +1 மட்டுமே கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தது +1 என்ஹான்ஸ்மென்ட் இல்லாத வாளுக்கு எந்தச் சிறப்புத் திறனையும் ஏற்ற முடியாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கதாபாத்திரத் தாளில் இவ்விரு எண்களையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதிவைப்பதே, என் கருத்தில், எந்த நீண்ட விளக்கத்தையும்விடப் பயனுள்ளது.

விலையில் நேரும் தவறு இதன் நேர்ப்பிள்ளை. மொத்த மதிப்பின் வர்க்கத்தை 2,000 பொற்காசுகளால் பெருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியே விலை கண்டு கூட்டுவது தவறு. +1 ஃபிளேமிங் லாங்ஸ்வோர்டின் மொத்த மதிப்பு +2 என்பதால் மந்திரத்தின் விலை 8,000. மாஸ்டர்வொர்க் (மிகத் தேர்ந்த வேலைப்பாடு) தரத்துக்கு 300, வாளுக்கு 15 என்று சேர்த்தால் 8,315 பொற்காசுகள். இரண்டு +1களுக்கும் தலா 2,000 என்று கணக்கிடுபவர் பாதி விலைக்கு அந்த ஆயுதத்தைப் பெற்றுவிடுகிறார். அதே வாளுக்குப் பின்னர் கீன் ஏற்றினால் மொத்தம் +3, அதாவது 18,000. ஏற்கெனவே செலுத்தியது போக மீதி 10,000 மட்டும் தர வேண்டும். அந்த முழுத் தொகையையும் புதிதாகக் கேட்கும், ஆட்டத்தை நடத்துபவரான கேம் மாஸ்டர் எதிர்த்திசையில் அதே தவறைச் செய்கிறார்.

அடுத்தது, ஒன்றோடொன்று சேராத போனஸ்களைச் சேர்த்துவிடுவது. மாஸ்டர்வொர்க் ஆயுதம் தரும் +1, தாக்குதல் வீச்சுக்கு மட்டும் உரிய என்ஹான்ஸ்மென்ட் போனஸ் ஆகும். மந்திரம் ஏற்றியபின் அது தனியாகக் கூட்டப்படாது. கிரேட்டர் மேஜிக் வெப்பன் மந்திரத்தின் மூலம் +3 பெறும் +1 வாள், +3 ஆகுமே தவிர +4 ஆகாது. +2 வில்லிலிருந்து +1 அம்பை எய்தாலும் பெரியதான +2 மட்டுமே செல்லும். ஆனால் வில்லுக்கு ஒரு திறனும் அம்புக்கு வேறொரு திறனும் இருந்தால் இரண்டும் வேலை செய்யும் என்பதால், இங்கே என்ஹான்ஸ்மென்ட் போனஸையும் திறன்களையும் பிரித்துப் பார்ப்பது மிகவும் அவசியம். கீன் திறனும், அதே பலனைத் தரும் இம்ப்ரூவ்டு கிரிட்டிகல் ஃபீட்டும் (கதாபாத்திரம் பெறும் சிறப்புத் திறமை) சேராது. லாங்ஸ்வோர்டின் 19–20 எல்லை (இருபது பக்கப் பகடையில் கிரிட்டிகலுக்கு வாய்ப்புத் தரும் எண்கள்) 17–20 ஆகி அங்கேயே நின்றுவிடும்.

கிரிட்டிகல் அடி விழும்போது, ஆயுதத்தின் அடிப்படைச் சேதமும் நிலையான கூட்டல்களும் பெருகும்; கூடுதல் பகடைகள் பெருகாது. வலிமைக்கு +3 பெற்ற வீரர் +1 ஃபிளேமிங் லாங்ஸ்வோர்டால் அடித்தால் சேதம் 1டி8+4 (எட்டுப் பக்கப் பகடை ஒன்றின் எண்ணோடு 4), அதோடு நெருப்புக்கு 1டி6. கிரிட்டிகலில் அது 2டி8+8 ஆகும். நெருப்பு 1டி6 ஆகவே இருக்கும். எதிரி சரியாகத் தற்காத்துக்கொள்ள இயலாதபோது கிடைக்கும் ஸ்னீக் அட்டாக் பகடைகளுக்கும் இதே விதிதான். கிரிட்டிகலில் கூடுதல் நெருப்பு வேண்டுமென்றால், அதற்கென்றே +2 மதிப்புள்ள ஃபிளேமிங் பர்ஸ்ட் இருக்கிறது. சாதாரண ஃபிளேமிங்கையும் பெருக்க அனுமதித்தால், அதிக விலை கொடுத்து பர்ஸ்ட் வாங்கியவருக்கு அநீதி செய்தவர்களாவோம்.

சேதக் குறைப்புள்ள (குறித்த பொருளாலோ தன்மையாலோ ஆகாத ஆயுதத்தின் சேதத்தைக் குறைத்துக்கொள்ளும்) எதிரிகளிடம் பாத்ஃபைண்டர் ஆட்டக்காரர்கள் ஏமாறுவது இன்னொரு வகை. அங்கே +3 என்ஹான்ஸ்மென்ட் உள்ள ஆயுதம் வெள்ளியாகவும் கோல்டு அயர்னாகவும் (குளிர் இரும்பு), +4 உள்ளது அடமன்டைனாகவும் (மிகக் கடினமான கற்பனை உலோகம்) கருதப்பட்டு எதிரியின் சேதக் குறைப்பை ஊடுருவும். +1 ஃபிளேமிங் கீன் ஹோலி வாளின் மொத்த மதிப்பு +5 என்பதால் அதுவும் அடமன்டைனுக்குச் சமம் என்று நினைப்பது பிழை. அதன் என்ஹான்ஸ்மென்ட் +1 மட்டுமே. ஹோலி திறன் அந்த வாளை நன்மைச் சார்புடையதாக்குவதால் அவ்வகைச் சேதக் குறைப்பை அது கடக்கும். கிரேட்டர் மேஜிக் வெப்பன் வழியாகப் பெற்ற +4க்கும் இந்தச் சலுகை கிடையாது என்பதை அந்த மந்திரத்தின் விளக்கமே தெளிவாகச் சொல்கிறது. 3.5 பதிப்பிலோ +5 வாளானாலும் வெள்ளி கேட்கும் எதிரிக்கு வெள்ளியேதான் வேண்டும்.

பேன் (Bane) என்னும் திறன் மட்டும் இந்தப் பிரிவினையைக் கடந்து நிற்கிறது. குறித்த வகை எதிரிக்கு எதிராக அது என்ஹான்ஸ்மென்ட் போனஸையே 2 உயர்த்தி, மேலும் 2டி6 சேதம் தருகிறது. எனவே +1 பேன் வாள் அந்த எதிரியிடம் உண்மையாகவே +3 வாள். மற்றவரிடம் +1 வாள். உயர்ந்த +2ஐ கிரிட்டிகலில் பெருக்க வேண்டும். 2டி6ஐப் பெருக்கக் கூடாது.

இறுதியாக, பதிப்புகளைக் கலக்காதிருப்பது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கிரிட்டிகல் அடிக்கு எல்லாச் சேதப் பகடைகளும் இரட்டிப்பாகும், நிலையான எண்கள் இரட்டிப்பாகா. ஃபிளேம் டங் வாளின் 2டி6 நெருப்பு அங்கே 4டி6 ஆவது சரியே. பழைய பதிப்பில் நெருப்பை இரட்டிப்பாக்குபவர்களில் பலர் ஐந்தாம் பதிப்பில் பழகியவர்கள். அவர்களிடம் பெருக்கும் முறையே வேறு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஆடவிருக்கும் பதிப்பின் கிரிட்டிகல் விதியை ஆட்டம் தொடங்கும் முன் சேர்ந்து ஒருமுறை வாசித்துவிடலாம்.