மும்பை சிஎஸ்எம்டி கட்டடத்தை நிதானமாகப் பார்ப்பது எப்படி?

மும்பைக்கு வருகிறவர்கள் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், பழைய பெயர் விக்டோரியா டெர்மினஸ்) ரயில் நிலையத்தின் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும்.

1. மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். முகப்பு மேற்குப் பார்த்தது, அப்போதுதான் கல்லில் வெயில் விழும். எதிரே மாநகராட்சி அலுவலகத்தின் ஓரமாக நில்லுங்கள். சிஎஸ்எம்டியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ்தான் அதையும் வடிவமைத்தார்.

2. நான் தடுமாறியது இங்கேதான். குவிமாடம் ஸ்டேஷனுடையது என்று நினைத்து, முதல் தடவை பிளாட்பாரம் பிளாட்பாரமாக அதன் உட்புறத்தைத் தேடி அலைந்தேன். எங்கேயும் இல்லை. நாம் போட்டோ எடுப்பது ஆங்கிலேயர் காலத்து ஜிஐபி (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வே கம்பெனியின் தலைமை அலுவலகத்தை! 1878-ல் தொடங்கிப் பத்தாண்டுபோல் கட்டினார்கள். இன்றும் மத்திய ரயில்வே தலைமையகம் அங்கேதான் இயங்குகிறது. நடுவில் தோட்டம், இரண்டு பக்கமும் நீளும் சிறகுகள், குவிமாடத்துக்கு நேர் கீழே அலுவலகத்தின் பெரிய மாடிப்படி. ரயில் நிற்கும் கொட்டகை தனி. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

3. இனி அண்ணாந்து பாருங்கள். உச்சியில் நிற்கும் பெண்ணின் வலது கையில் தீப்பந்தம், இடது கையில் ஆரக்கால் சக்கரம். அவள் பெயர் 'முன்னேற்றம்'. ராணி விக்டோரியாவுக்குக் கிடைத்தது கடிகாரத்துக்குக் கீழே ஒரு மாடம்தான். இன்று அது காலி. ரயில் கம்பெனி தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னது எதுவும் இல்லை. வாசல் தூண்களில் பிரிட்டனுக்குச் சிங்கம், இந்தியாவுக்குப் புலி.

4. சிற்பங்களுக்கு போன் ஜூம் வேண்டாம், படம் கலங்கிவிடும். சாதாரண 8x பைனாகுலர் எடுத்துப் போங்கள். வளைவு ஒன்றில் மயில் தோகை விரித்திருக்கும். ஒவ்வொரு இறகாகப் பாருங்கள். மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கைவேலை அது. இந்த ஒரு மயிலுக்காகவே நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

பிற்சேர்க்கை: ஞாயிற்றுக்கிழமை போனோம், உள்ளே விடவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அலுவலகம் என்பதால் வேலை நாளில் போங்கள். பாரம்பரியக் காட்சிக்கூடம் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் வடக்குச் சிறகில் உள்ள லோக்கல் டிக்கெட் கூடத்துக்குள் போய் மேலே பாருங்கள். கூரை முழுக்க நட்சத்திரம்.