ரேமா, எஸ்எஸ்டியா, கார்டா? கம்ப்யூட்டரில் எதை மாற்றினால் வேகம் கூடும் என்று கண்டுபிடிக்கும் முறை

கம்ப்யூட்டர் இழுக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் "ரேம் போட்டுப் பாருங்கள்" என்பார்கள். ரேம் என்பது நடந்துகொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். ஆனால் 8 ஜிபி ரேமில் 5 ஜிபியைக்கூடத் தாண்டாதவர் அதை 32 ஜிபி ஆக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. கம்ப்யூட்டர் எந்தப் பாகத்துக்காகக் காத்து நிற்கிறதோ அதை மாற்றினால்தான் பலன் தெரியும். அதைக் கண்டுபிடிக்கத் தனி மென்பொருள் வேண்டாம், விண்டோஸில் இருக்கிற டாஸ்க் மேனேஜரே போதும்.

படி 1: எது மெதுவு என்று எழுதுங்கள்

"எல்லாமே ஸ்லோ" என்றால் எங்கிருந்தும் தொடங்க முடியாது. ஆன் செய்ததும் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? நிறைய டேப் திறந்தால் திணறுகிறதா? கேம் விட்டுவிட்டு ஓடுகிறதா? ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, ஸ்டாப்வாட்ச் வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்சைட்டுகள் மட்டும்தான் மெதுவாகத் திறக்கின்றன, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் இணைய இணைப்பைத்தான் பார்க்க வேண்டும், எந்தப் பாகமும் வாங்க வேண்டாம்.

படி 2: அந்த வேலை நடக்கும்போது கவனியுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், திறந்து வைத்தபடியே அந்த மெதுவான வேலையைச் செய்யுங்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

முதலில் டிஸ்க். அது 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, பெயருக்குக் கீழே ஹெச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று இருக்கிறதா? அப்படியானால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழன்று, படிக்கும் முனை நகர்ந்து, சரியான இடத்தில் போய் நிற்கவே சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு ஏறக்குறைய 100 முறைதான் படிக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கில் இப்படிப் படிக்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லாததால் இதே வேலை நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கும். ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதைப் போல கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் வேறு எதிலும் கிடைக்காது என்பது என் கருத்து.

ஆனால் ஏற்கெனவே சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி வைத்திருப்பவர் என்விஎம்இ என்ற வேகமான வகைக்கு மாறுவது வேறு கதை. நொடிக்கு 550 மெகாபைட்டிலிருந்து 3500க்கு மேல் என்று பெட்டியில் பார்க்க ஆசையாக இருக்கும். பெரிய வீடியோ கோப்புகளை நகலெடுப்பவருக்கு அது பயன்படும். பிரவுசரும் வேர்டும் திறப்பவருக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம்.

அடுத்து மெமரி, அதாவது ரேம். 90 சதவீதத்தைத் தொட்டு, அதே நேரம் டிஸ்கும் துடித்தால், ரேம் போதாமல் விண்டோஸ் தரவை டிஸ்கில் வைத்து எடுக்கிறது என்று பொருள். டிஸ்க் 100 சதவீதம் காட்டினாலும் அங்கே குற்றவாளி ரேம்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். இரண்டில் ஒன்று காலி என்றால் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இரண்டு ரேம் ஜோடியாக ஓடினால் கேம்களும் கொஞ்சம் மேம்படும்.

கம்ப்யூட்டரின் மூளையான சிபியுவில் ஒரு ஏமாற்று உண்டு. மொத்தம் 13 சதவீதம் என்று காட்டும், வேலையோ நகராது. வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிகல் பிராசஸரையும் (சிபியுவுக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பிரிவு) தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். எட்டில் ஒன்று மட்டும் முழுதாக நிரம்பி, மற்ற ஏழும் சும்மா இருக்கலாம். எட்டில் ஒரு பங்கு 12.5 சதவீதம், கணக்கு சரியாக வருகிறது அல்லவா? இந்த மாதிரி மென்பொருளுக்கு அதிக கோர் (தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள சிபியு வாங்குவது வீண். ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்கிற சிபியுதான் வேண்டும்.

கேம் ஆடுபவர்கள் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு வரும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில். அப்படியே நின்றால் பெரும்பாலும் சிபியுவில், புதுக் கார்டு போட்டும் பயன் குறைவு.

படி 3: சூட்டைப் பாருங்கள்

சிபியு பக்கத்தில் இப்போதைய வேகமும் பேஸ் வேகமும் (சிபியுவுக்குக் குறித்திருக்கும் அடிப்படை வேகம்) இருக்கும். முழு வேலை நடக்கும்போது வேகம் பேஸுக்குக் கீழே இறங்கி நின்றால், பெரும்பாலும் சூடு தாங்காமல் சிபியு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஃபேனில் அடைத்த தூசியை எடுத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை (சிபியுவின் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றினாலே பழைய வேகம் திரும்பலாம். லேப்டாப் என்றால் பவர் மோடையும் ஒருமுறை பாருங்கள்.

படி 4: எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கு 10 நிமிடம், அதில் டிஸ்க்குக்காகக் காத்திருப்பது 1 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உலகத்திலேயே வேகமான டிஸ்க் போட்டாலும் 9 நிமிடத்துக்குக் கீழே போகாது. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான்.

படி 5: பொருந்துமா?

டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ரேம் நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. சில லேப்டாப்புகளில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். எம்.2 ஸ்லாட் (குச்சி போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) எல்லாமே என்விஎம்இ ஏற்காது, சிலது சாட்டா மட்டும்தான். கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பவர் சப்ளையின் வாட்டும், கேபினெட்டில் கார்டு நீளத்துக்கு இடமும் பாருங்கள்.

சிபியுதான் தடை என்று தெரிந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. புது சிபியுக்குப் பல நேரம் மதர்போர்டும் ரேமும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டரில் பெரிய தொகை போடுவதை விட, அதைப் புதியதற்குச் சேர்த்து வைப்பேன்.

படி 6: மாட்டிய பிறகு

படி 1இல் குறித்த வேலையை மறுபடி நேரம் பார்த்துச் செய்யுங்கள். எதிர்பார்த்தது வரவில்லையா? 3200 என்று வாங்கிய ரேம் டாஸ்க் மேனேஜரில் 2400 என்று காட்டினால், மதர்போர்டும் சிபியுவும் அந்த வேகத்தை ஏற்பவையா என்று பார்த்துவிட்டு, பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் பழையபடியே ஓடுகிறதென்றால், அப்புறம் என்ன, கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டிலேயே செருகியிருக்கலாம். அப்படியானால் அதைக் கழற்றிக் கார்டில் மாட்டுங்கள்.