ஆலைமீது புகார் எழுதுமுன் இசைவாணையைப் படியுங்கள்

வடசென்னையின் ஆலைப் பகுதிகளான மணலியிலோ எண்ணூரிலோ குடியிருப்பவர்களுக்கு மாசு என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால், வாடை தாங்க முடியவில்லை என்று மட்டும் எழுதிய மனுவை, ஆய்வில் குறை ஏதும் காணப்படவில்லை என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடித்துவிடுவது எளிது. ஆலை மீறிய நிபந்தனை எது என்பதை மனுவே சுட்டிக்காட்டினால் அவ்வாறு முடிப்பது கடினம்.

அந்த நிபந்தனைகள் இருக்குமிடம் இசைவாணை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படியும் 1981ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படியும் ஆலை இயங்க அனுமதித்துத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் இந்த ஆணையில், புகைபோக்கியில் எதை எந்த அளவுக்குமேல் வெளியிடக்கூடாது, கழிவுநீரை எங்கே விட வேண்டும் என்பவை எழுதப்பட்டிருக்கும். இசைவாணைப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் எவரும் உரிய நேரத்தில் பார்வையிடலாம் என்று அவ்விரு சட்டங்களுமே கூறுகின்றன. பலரும் இதை அறிவதில்லை. நேரில் காட்ட மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று அதில் கேட்காதீர்கள். இசைவாணையின் நகல், கடந்த ஓராண்டில் எடுத்த நீர், காற்று மாதிரிகளின் ஆய்வறிக்கைகள், ஆலைக்கு அனுப்பிய அறிவிப்புகள் என ஆவணங்களை மட்டுமே கேளுங்கள்.

இதற்கிடையே ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், மணி, காற்றின் திசை, வாடையின் தன்மை ஆகிய நான்கும் போதும். மணலி திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பதால், திருவொற்றியூரில் இருப்பவர்கள் காற்று மேற்கிலிருந்து வீசிய நேரங்களைத் தனியே குறித்து வைப்பது பயன் தரும். மணலி, கொடுங்கையூர், இராயபுரம் காற்றுக் கண்காணிப்பு நிலையங்களின் அளவீடுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். நுண்துகள் பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். செயலியில் காற்றுத் தரக் குறியீடு பச்சையாக (நல்ல நிலையில்) இருக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ள நேர்ந்தால் குழம்ப வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, அந்தக் குறியீட்டில் கணக்கிடப்படும் 8 மாசுகளில் இல்லை.

கொசஸ்தலை ஆற்றிலோ எண்ணூர் முகத்துவாரத்திலோ சாம்பலோ எண்ணெயோ கலந்தால் படம் எடுங்கள்; அதில் பாலம், குழாய் போன்ற ஓர் அடையாளம் தெரியட்டும். நீங்களே புட்டியில் பிடித்துவரும் நீர் சட்டப்படி சான்றாகாது. வாரிய அலுவலர் உரிய முறைப்படி எடுத்த மாதிரிக்கே அந்தத் தகுதி உண்டு. எனவே உடனே வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பதையே மனுவின் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

மனுவை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். "இசைவாணையின் இன்ன நிபந்தனை, இன்ன நாளில், இன்ன மணிக்கு மீறப்பட்டது" என்ற ஒரே வாக்கியம் இரண்டு பக்க வேதனையைவிட வலிமையானது. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள்.

அதன்பின்னும் அசைவில்லையென்றால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையிலேயே அமைந்துள்ள தென்மண்டல அமர்வை அணுகலாம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. அன்றாடக் கசிவுக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருக்க இயலாது. இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். மீறல் முதலில் நிகழ்ந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் கிடைக்கும். வாரியத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் நாள்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், முதல் மனு கொடுத்த அன்றே கடைசி நாளைக் குறிப்பேட்டின் மேலட்டையில் எழுதி வையுங்கள்.