‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

காட்பாடிக்காரனான எனக்கு டிக்கெட் என்றால் முதலில் ரயில்தான் ஞாபகம் வரும். மென்பொருளில் பிழை என்று அதை உருவாக்குபவர்களுக்கு எழுதும் புகாருக்கும் டிக்கெட் என்றுதான் பெயர். ஒரு குறிப்புச் செயலிக்காக நான் போட்ட முதல் டிக்கெட் ஒரே வரி: ‘தேடல் வேலை செய்யவில்லை.’ உடனே மூடிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான்.

சரி என்று உட்கார்ந்து சோதித்தேன். அந்தக் குறிப்புச் செயலியில் ‘வேலூர்’ கிடைத்தது, ‘கோட்டை’ கிடைக்கவில்லை. ‘சத்துவாச்சாரி’ உண்டு, ‘கொணவட்டம்’ இல்லை. கொ, கோ வரும் இடத்தில்தான் சிக்கல். கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். ஒகரக் குறியும் அப்படித்தான், எகரக் குறி, கால் என்று பிரியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. குறிப்பில் நான் நகலெடுத்து ஒட்டியிருந்தது பிரிந்த வடிவம், தேடியது ஒரே குறியீட்டு வடிவம்.

இரண்டாவது டிக்கெட்டின் தலைப்பு: ‘பிரிந்த ஒகர, ஓகாரக் குறி உள்ள சொற்களைத் தேடல் கண்டுபிடிப்பதில்லை.’ கீழே செயலியின் பதிப்பு எண், ஆண்ட்ராய்டு பதிப்பு, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. சோதிக்க அந்த இரண்டு வடிவச் சொற்களையும் ஒட்டினேன். இந்த ஒட்டல்தான் முக்கியம். படம் பிடித்துப் போட்டால் வித்தியாசமே தெரியாது.

எழுதுவதற்கு முன் மூடிய டிக்கெட்டுகளிலும் தேடிவிடுங்கள். ஒரு டிக்கெட்டில் ஒரு பிழை போதும். முந்தைய பதிப்பில் சரியாக இருந்ததா? எந்த நிரல் மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று தேடித் தரும் ‘கிட் பைசெக்ட்’ (git bisect) கட்டளையை ஓட்டத் தெரிந்தால் ஓட்டுங்கள். பாதி பாதியாக வெட்டிப் போவதால் 1000 மாற்றங்களில் பிழை நுழைந்த இடத்தைச் சுமார் 10 சோதனையில் பிடித்துவிடலாம். காரணத்தை ஊகிக்கிறீர்களா, ‘ஊகம்’ என்றே எழுதுங்கள்.