அம்மாவோடு கொழும்பிலிருந்து திருச்சி, மதுரை: முழங்காலை வைத்துப் போட்ட பட்ஜெட்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு 32 படி. சந்தைக்குப் போய் வந்தால் அம்மா பதினெட்டாவது படியில் ஒருமுறை நிற்பா. பையை மற்றக் கைக்கு மாற்றுவா, சுவரைப் பிடிப்பா, "வாறன், வாறன்" என்று யாரும் கேட்காமலே சொல்லுவா. ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது இந்தப் பதினெட்டாவது படி எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நிறையக் காசு மிஞ்சியிருக்கும்.

முதல் தடவை ஆறு நாளில் சென்னை, காஞ்சிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை என்று ஐந்து ஊர். எல்லாவற்றிலும் மலிவானதைத் தேடித் தேடிப் பிடித்தேன். நாலாம் நாள் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர், மருந்து, நாள் முழுக்க வாடகைக் கார் என்று மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போனது. மதுரைக் கோபுரத்தை அம்மா கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தா. இரண்டாம் தடவை மதுரைக்காகவே போனோம், அதுவும் குறைந்த செலவில். எப்படி என்று கீழே எழுதுகிறேன். உங்களுக்கு அம்மாவுக்குப் பதில் அப்பா என்றாலும் கணக்கு மாறாது.

படி 1: ஊருக்கு முன்னால் உடம்பைக் கேளுங்கள்

"எங்க போகோணும் அம்மா?" என்று கேட்டால் "உனக்கு எது வசதியோ அது" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியை விடுங்கள். ஒரே மூச்சில் எத்தனை படி ஏறுவா, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்பா, குளிசை எத்தனை மணிக்கு, இரவில் எத்தனை தடவை எழும்புவா என்று கேளுங்கள். ஒரு தாளில் எழுதி வையுங்கள். இடங்களை அப்புறம் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருச்சி மலைக்கோட்டை உச்சிக்கு 400க்கும் மேல் படி. தாளில் எங்கள் எல்லை 20. உச்சிப் பிள்ளையாரை வெட்டினேன். அம்மா கோபிப்பா என்று நினைத்தேன். "அடிவாரத்தில மாணிக்க விநாயகர் இருக்கிறார்தானே, அவரும் பிள்ளையார்தான்" என்று முடித்துவிட்டா.

நாடு எது என்பதும் இதிலேயே வரும். சிங்கப்பூருக்கு இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் அறை வாடகை கையைக் கடிக்கும். முதல் பயணத்துக்குத் தமிழ்நாடு என்று நான் சொல்வதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. விமானத்தில் தந்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்கிறார்கள், உடம்பு களைக்காது. அதோடு, அங்கே அம்மாவுக்கு நான் தேவையில்லை. பூக்காரியோடு தானே பேரம் பேசலாம், வழி தானே கேட்கலாம். பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் இதை ஒரு செலவுக் கணக்காகப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க மொழிபெயர்த்துப் பாருங்கள், தெரியும்.

படி 2: மாதம்

ஏப்ரல், மே மாதங்களில் திருச்சியிலும் மதுரையிலும் வெயில் 40 பாகையைத் தொடும். கோவில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. கார்த்திகையிலிருந்து தைப்பொங்கல் வரை சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் நிறைந்திருப்பார்கள். பொங்கலை ஒட்டி ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைக்காது. தைப்பூசத்துக்குப் பழனிப் பக்கமும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையும் நிரம்பும், அறை விலையும் ஏறும்.

ஆகவே நான் தெரிவு செய்வது பெப்ரவரியும் மார்ச் தொடக்கமும். நம் பக்கத்தில் பள்ளிக்கூட விடுமுறையும் இல்லை என்பதால் டிக்கெட்டும் இறங்கியிருக்கும். செவ்வாய், புதன் போல வார நடுவில் புறப்பட்டுப் பாருங்கள்.

படி 3: பாஸ்போர்ட்டும் விசாவும்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் பாஸ்போர்ட் எடுக்கும் பத்தரமுல்லை சுஹுருபாய அலுவலகம். அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கலியாணத்துக்குப் பிறகு அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் அதை இப்போதே சரிபாருங்கள். விசாவிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

இந்தியாவுக்குச் சுற்றுலா இ-விசாவை வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களிலும் செல்லும். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் முகவர்களின் தளம், கட்டணத்துக்கு மேல் கட்டணம் எடுப்பார்கள். இந்திய அரசின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். வெள்ளைப் பின்னணியில் சதுரப் படம், பாஸ்போர்ட்டின் விபரப் பக்கத்தின் பிடிஎப், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட கார்ட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கார்டைத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கு ஒருநாள் முன்பே போன் எடுப்பது நல்லது.

படிவத்தை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள். தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம் எல்லாம் கேட்பார்கள். அம்மம்மா பிறந்தது மானிப்பாய் என்று நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். "இல்லைப் பிள்ளை, ஈப்போ" என்றா அம்மா. மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்த பூட்டனின் கதை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. படிவம் பாதியில் நேரம் முடிந்து மூடிக்கொண்டது. இடையிடையே தற்காலிக இலக்கத்தைக் குறித்து வையுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அனுமதி மின்னஞ்சலில் வந்ததும் இரண்டு பிரதி அச்சடியுங்கள். ஒன்று அம்மாவின் பையில்.

படி 4: ஒரு ஊரில் இறங்கி மற்ற ஊரில் ஏறுங்கள்

திருச்சிக்கும் மதுரைக்கும் கொழும்பிலிருந்து நேரடி விமானம் உண்டு. போக வர ஒரே ஊர் என்று எடுத்தால் கடைசி நாள் வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். விமானத் தளங்களில் 'பல நகரங்கள்' என்ற தெரிவில் கொழும்பு-திருச்சி, மதுரை-கொழும்பு என்று போட்டுப் பாருங்கள். சிலவேளை கொஞ்சம் கூட வரும். திரும்பி வரும் ரயில் செலவு, ஒரு இரவு அறை வாடகை இரண்டையும் மற்றப் பக்கம் கூட்டிய பிறகு எது மலிவு என்று முடிவெடுங்கள்.

மலிவு டிக்கெட்டில் பெட்டிக்கும் இருக்கைக்கும் தனிக் காசா என்று பாருங்கள். நடைவழிப் பக்க இருக்கைக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. அதே நேரத்தில் சக்கர நாற்காலி உதவியையும் பதிந்துவிடுங்கள், விமான நிறுவனங்கள் அதற்குக் காசு எடுப்பதில்லை. குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். "நான் என்ன நோயாளியே?" என்று அம்மா முறைத்தா. "நடக்கிறதுக்கு இல்லை அம்மா, குடிவரவு வரிசையில நிக்காமல் இருக்க" என்றேன். திரும்பி வரும்போது தானே கேட்டு வாங்கினா.

திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம் அளவில். பொது முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். ஏசி இருக்கைப் பெட்டி போதும். இந்திய ரயில் டிக்கெட் எடுக்கும் தளமான ஐஆர்சிடிசியில் வெளிநாட்டு எண்ணில் கணக்குத் திறப்பது பொறுமையைச் சோதிக்கும், ஆகவே பயணத்துக்கு முதல் வாரம் வரை விட்டு வைக்காதீர்கள். இரவு ரயில் எடுப்பதென்றால் மேல் படுக்கை கிடைத்துவிடாமல் கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டைத் தெரிவு செய்யுங்கள். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அது உண்டு. மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது, பழைய கட்டுரைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

படி 5: அறை

முதல் தடவை "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சார்" என்றார்கள். இருந்தது. ரோட்டிலிருந்து அந்த லிஃப்ட் வாசலுக்குப் பதினொரு படி, கைப்பிடி கிடையாது. இரவு பத்து மணிக்கு அம்மா அந்தப் படியின் கீழே நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகவே இப்போது போன் எடுத்து, ரோட்டிலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி என்று கேட்கிறேன். வெஸ்டர்ன் கொமோட்டா, குளியலறை வாசலில் உயரப் படியா, சுடுதண்ணீர் எத்தனை மணி வரைக்கும் வரும் என்பது அடுத்தது. கடைசிக் கேள்வி நம்மவர்கள் பலர் மறப்பது: "இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அறை தருவீங்களா?" வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 'படிவம் சி' என்று ஒன்றை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குத் தயாரில்லாத சின்ன லாட்ஜுகள், நாம் தமிழ் கதைக்கிறோம் என்று சிரித்து வரவேற்றுவிட்டு, பாஸ்போர்ட்டைக் கண்டதும் கையை விரிப்பார்கள்.

கோவிலுக்குக் கிட்ட உள்ள அறை சில நூறு ரூபாய் கூட இருந்தாலும் அதையே எடுங்கள். மதுரையில் மாசி வீதிகளுக்குள் தங்கினால் ஓட்டோக் காசு மிஞ்சும். அதைவிட, மத்தியானம் அம்மா வந்து காலை நீட்டிப் படுக்கலாம். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தில்தான் சாயங்காலம் இருக்கிறது.

படி 6: நாளுக்கு ஒரு பெரிய இடம்

காலையில் ஒன்று, சாயங்காலம் பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று, அவ்வளவுதான். ஸ்ரீரங்கம் கோவில் ஏழு சுற்று, 156 ஏக்கர். அதற்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோவில் திருச்சியிலிருந்து ஒரு நாள் பயணம். முதல் தடவை பார்த்தது என்று விடலாமென்றேன், அம்மா விடவில்லை. அதற்கு மட்டும் கார் பிடித்தோம். காலை எட்டுக்குள் போய்விட்டால் கல் சுடாது, சுடும் நேரத்துக்குப் பழைய காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

மீனாட்சி அம்மன் கோவில் மத்தியானம் 12.30 அளவில் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, வெளியே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கூட்டத்தில் பிரிந்தால் அழைக்க வழியில்லை. நாங்கள் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் ஒரு மூலையைக் காட்டிப் பேசி வைத்தோம். நல்ல காலம். சிறப்புத் தரிசன வரிசையில் நான் டிக்கெட் எடுத்துத் திரும்புவதற்குள் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் அந்த மூலையில் உட்கார்ந்து, விருதுநகரிலிருந்து வந்த ஒரு அம்மாவோடு மருமக்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தா. (சிறப்புத் தரிசன டிக்கெட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.)

மாமல்லபுரம் போல இந்தியத் தொல்லியல் துறை டிக்கெட் வாங்கும் இடங்களுக்குப் போனால், சார்க் நாட்டவருக்கும் இந்தியர்களுக்கான கட்டணம்தான். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

படி 7: காசை மூன்று உறையில் போடுங்கள்

முதல் உறை புறப்படும் முன்பே முடிவது: விசா, டிக்கெட், காப்புறுதி, அறை. இரண்டாவது நாளாந்தச் செலவு: சாப்பாடு, ஓட்டோ, பூ, அர்ச்சனை. மூன்றாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதைத் தொடக்கூடாது. முழங்கால் வீங்கினால் மட்டும்.

ஒரு இந்திய ரூபாய் ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய். அம்மா எதையும் மூன்றரையால் பெருக்காமல் வாய்க்குள் வைக்கவில்லை. "எண்பது ரூபாய்த் தோசை... அதெண்டால் இருநூற்று எண்பது. காலி வீதியில இதைவிடக் கூடவெல்லோ!" என்ற பிறகுதான் சட்னியைத் தொட்டா. மத்தியானம் 'அளவு சாப்பாடு' என்று கேளுங்கள். முழுச் சாப்பாட்டை வயதானவர்கள் பாதியில் விடுவார்கள், விட்டதற்காகக் கவலையும் படுவார்கள்.

தெருக் கடையில்கூட போனில் காசு அனுப்பும் யுபிஐதான் கேட்பார்கள். நம் கையில் அது இல்லை, ஆகவே சில்லறை நோட்டு நிறைய வேண்டும். கார்டில் பணம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வங்கி கட்டணம் கழிக்கும், அடிக்கடி எடுக்காமல் ஒரேயடியாக எடுங்கள். இலங்கை சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

காப்புறுதிப் படிவத்தில் அம்மாவுக்கு ஏற்கனவே உள்ள வருத்தங்களை மறைக்காதீர்கள். பிரெஷர், சீனி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும், இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

படி 8: பை, பிறகு கட்டுநாயக்க

குளிசைகள் கைப்பையில்தான், பெட்டியில் இல்லை. அட்டையோடு வையுங்கள், மருந்தின் பெயர் எழுதிய டாக்டர் துண்டும் கூடவே. போகும் நாட்களுக்கு மேல் நாலு நாளுக்குக் கூடுதலாக.

கொழும்புக் கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும். தனியாகப் போகும்போது நான் அதில்தான் போவேன். அம்மாவோடு என்றால் வீட்டு வாசலிலிருந்து டாக்ஸி. திட்டத்தில் காசை விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

திரும்பும் முதல்நாள் இரவு பெட்டியைத் தூக்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். அம்மா ஆறு சுங்குடிச் சேலை வாங்கியிருந்தா. "ஆருக்கு இவ்வளவு?" என்றால் அரை வெள்ளவத்தையின் பெயரையும் சொன்னா. சேலை பாரமில்லை, பிரச்சினை பஞ்சாமிர்தமும் நெய்யும் ஊறுகாயும். அவற்றைக் கைப்பையில் விடமாட்டார்கள். இரண்டு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, சேலைகளுக்கு நடுவில் அல்லாமல், பெட்டியின் ஓரமாக வையுங்கள்.