பிள்ளைகளை ஓடியாட வைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இதைக் கேள்விப்பட்டதும் பெற்றோர் பலர் அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு வகுப்பாக்கிவிடுகிறார்கள். பள்ளி, டியூஷன், அதன்பின் கிரிக்கெட் கோச்சிங். கூட்டம் மிகுந்த கோச்சிங்கில் தன் முறைக்காக வரிசையில் நிற்கும் நேரமே அதிகம். தெருவில் கிளித்தட்டு ஆடும் பிள்ளைக்கு நிற்க நேரமிருக்காது. 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதும் இல்லை. பள்ளிக்கு வேகமாக நடப்பது, இடைவேளையில் ஓடிப்பிடிப்பது, மாலையில் கயிறு தாண்டுவது எல்லாமே கணக்கில் சேரும். வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்ட வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். நொண்டியும் பச்சைக்குதிரையும் அதற்குப் போதும், ஜிம் தேவையில்லை.

என்னை மிகவும் வருத்துவது உடற்பயிற்சியைத் தண்டனையாக்கும் வழக்கம். வீட்டுப்பாடம் எழுதாதவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். தாமதமாக வந்தவள் எல்லோர் முன்னிலையிலும் தோப்புக்கரணம் போட வேண்டும். ஓட்டம் என்றாலே அவமானம் என்று பதிந்துபோன மனத்திடம் பிறகு அதன் நன்மைகளைச் சொல்லி என்ன பயன்? இதற்கு நேர் எதிரான தவறும் அதே அளவு கெடுதல்தான்: மதிப்பெண் குறைந்தால் விளையாட்டைப் பறிப்பது, பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுப்பது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பிள்ளையின் பி.டி. பீரியட் என்ன ஆனது என்று பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்.

உறவினர் நடுவே 'குண்டு' என்று சொல்லி ஓடச் சொல்வதையும் நிறுத்த வேண்டும். கூச்சப்படும் பிள்ளை மைதானத்துக்கு வராது, அறைக்குள்தான் ஒளியும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்வது தவறு மட்டுமல்ல, அநியாயம். 11 முதல் 17 வயதுக்குள் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் உலக அளவில் ஆண்களில் 78 சதவீதம், பெண்களில் 85 சதவீதம் என்று 2016-ஆம் ஆண்டுக்கான கணக்கு காட்டுகிறது. நம் வீடுகளில், வயதுக்கு வந்த மறுநாளே கோ-கோவும் கபடியும் நின்றுபோகின்றன. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். சாலை ஆபத்தானது என்றால், தோழிகள் நான்கு பேர் சேர்ந்து போக ஏற்பாடு செய்யலாம். மாதவிடாய் நாள்களிலும் வலியில்லாதபோது விளையாடத் தடையே இல்லை. மகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கைபேசியைப் பிடுங்கினால் மட்டும் எந்தப் பிள்ளையும் ஓடிவிடாது. வெளியே சேர்ந்து ஆட ஆள் வேண்டும், இடம் வேண்டும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்ற பலகைதான் வரவேற்கிறது. அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு அந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு விடச் சொல்லிக் கேட்கலாம்.