நீண்ட விமானப் பயணமா? கெண்டைக்காலைத் தூங்க விடாதீர்கள்

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் என்றாலும் பத்து மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். காலின் இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது அசையாமல் கிடந்தால் இரத்தம் தேங்கி உறையலாம். 4 மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஆனாலும் சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். பஸ், ரயிலுக்கும் இதே கதைதான்.

ஜன்னல் இருக்கை ஆசையை விட்டு நடைபாதை ஓரம் கேளுங்கள். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பக் கூச்சப்பட்டு என் அம்மா ஏழு மணி நேரம் எழவே இல்லை. இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. எழ முடியாவிட்டால், குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள். மணிக்கொரு முறை இருபது தடவை போதும். காலடியில் பை வைக்காதீர்கள். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், முன்பே இரத்தம் உறைந்தவர்கள் ஆகியோர் முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்பிரினை நீங்களாக விழுங்காதீர்கள்.

இரண்டு பாதமும் லேசாக வீங்குவது சகஜம். ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரே காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தால், பயணம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள அவசர எண்ணை.